ஜெம்பே வாசிக்கிற ஜப்பான்: அடிக்கடி கேக்கிற கேள்விகளும் பதில்களும்

ஜப்பான்ல மேற்கு ஆப்பிரிக்க ட்ரம், டான்ஸ் பண்றவங்களோட வீடியோ நான் ஷேர் பண்ணும்போதெல்லாம் அதே கேள்விங்கதான் திரும்பத் திரும்ப வருது. அதனால எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் எழுதி வெச்சுடலாம்னு உக்காந்தேன். கொஞ்சம் நீளமா போயிடுச்சு, வேணுங்கிற கேள்விக்கு நேரா போய் படிச்சுக்கலாம்.

மேற்கு ஆப்பிரிக்க இசைன்னு எதைச் சொல்றீங்க?

அது ஒரே இசை இல்ல, அதை மொதல்ல சொல்லிடறேன். ஜப்பான்ல ரொம்பப் பேர் கத்துக்கிறது ரெண்டு மூணு பாரம்பரியம்தான். ஒண்ணு கினி, மாலி பக்கத்து மாண்டிங் மக்களோட ஜெம்பே. இது ஒரே மரத்தைக் குடைஞ்சு ஆட்டுத் தோல் போட்டு கயிறால இழுத்துக் கட்டின ட்ரம், ரெண்டு கையாலயும் வாசிப்பாங்க. கூடவே டுனுன்னு மூணு சைஸ்ல உருளை ட்ரம் இருக்கும், பெருசு டுனுன்பா, நடுவுல சங்பான், சின்னது கென்கெனி, இதைக் குச்சியால அடிச்சுக்கிட்டே இன்னொரு கையால இரும்பு மணியையும் தட்டுவாங்க. ரெண்டாவது செனகலோட சபார். இதுல ஒரு கையில குச்சி, இன்னொரு கை வெறுங்கை, நம்ம தவில்ல ஒரு கை குச்சி ஒரு கை விரல்னு வருதே அந்த மாதிரி, ஆனா சபார்ல ரெண்டும் ஒரே தோல் மேலதான் விழும். இதைத் தவிர 21 கம்பி இருக்கிற கோரா, மரக்கட்டையும் சுரைக்குடுக்கையும் வெச்சு செய்ற பலஃபோன், கானாவோட ஹைலைஃப், நைஜீரியாவோட ஆஃப்ரோபீட்னு ஒவ்வொண்ணுக்கும் ஜப்பான்ல தனித்தனிக் கூட்டம் உண்டு.

ஜப்பான்ல இது எப்படி ஆரம்பிச்சது?

ஒரே நாள்ல வந்ததில்ல. ரொம்ப முன்னாடியே ஆராய்ச்சிக்காரங்க போயிட்டாங்க. கவாடா ஜுன்ஸோன்னு ஒரு மானுடவியலாளர் 1960கள்லயே இன்னைக்கு புர்கினா ஃபாசோன்னு சொல்ற நாட்டுக்குப் போய், மோஸ்ஸி மக்களோட வருஷக்கணக்குல வேலை பண்ணாரு. அங்க அரசர்களோட வம்ச வரலாறை ட்ரம்ல வாசிச்சே சொல்வாங்க, எழுத்து கிடையாது, ட்ரம்தான் ஏடு. அவர் பதிவு பண்ணிட்டு வந்த சவானா புல்வெளிப் பகுதி ஒலிகள் 1980கள்ல ஜப்பான்ல ரெக்கார்டாவே வந்துச்சு. அதைக் கேட்டவங்களுக்கு ஆப்பிரிக்க ட்ரம்னா சும்மா "காட்டுத்தனமான தாளம்"ங்கிற நினைப்பே உடைஞ்சிருக்கும்னு நான் நம்பறேன்.

அப்புறம் 1980கள்ல ஜப்பான்ல காசு நல்லா புழங்குன காலம், வெளிநாட்டு இசைக்குப் பெரிய மேடை கிடைச்சுது. 1984ல நைஜீரியாவோட கிங் சன்னி அடே வந்து வாசிச்சாரு. 1989ல ஜப்பான் இசையமைப்பாளர் சகமோட்டோ ரியுய்ச்சி தன்னோட ஆல்பத்துல செனகல் பாடகர் யூசு என்டூரைப் பாட வெச்சாரு. 1991ல யோகோஹாமாவுல வோமாட்ங்கிற உலக இசை விழா, அதே வருஷம் டோயாமா பக்கம் ஃபுகுனோன்னு ஒரு சின்ன ஊர்ல "சுகியாகி மீட்ஸ் தி வேர்ல்ட்"னு ஒரு விழா ஆரம்பிச்சுது, அது ஊர்க்காரங்க வாலன்டியரா நடத்துற விழா, வர்ற கலைஞர்கள் வாசிச்சுட்டுக் கிளம்பிடாம வொர்க்ஷாப் எடுத்து ஊர் ஜனங்களோட கலந்து பழகற மாதிரி. இன்னொரு பக்கம் ஜப்பான் அரசு 1965ல இருந்து இளைஞர்களை வாலன்டியரா வெளிநாடுகளுக்கு அனுப்புது. விவசாயம், பள்ளிக்கூடம், ஹெல்த்துன்னு செனகல், கானா மாதிரி நாட்டுக்குப் போனவங்க சாயங்காலம் தெருவுல ட்ரம் சத்தம் கேட்டு வெளிய வந்து நிப்பாங்க இல்ல, அப்படி வேலைக்குப் போய் இசையோட திரும்பினவங்களும் இந்த வட்டத்துல உண்டு.

ஒரு தீவே ஜெம்பே வாசிக்குதாமே, உண்மையா?

உண்மை. இந்த முழு விஷயத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

க்யூஷுவுக்குத் தெற்கே ககோஷிமா மாவட்டத்துல மிஷிமான்னு ஒரு கிராமம். கிராமம்னா ஒரே ஊர் இல்ல, தகேஷிமா, இயோஜிமா, குரோஷிமான்னு மூணு தீவு சேர்ந்ததுதான் அந்தக் கிராமம், மூணுலயும் சேர்த்து கிட்டத்தட்ட 400 பேர். கிராம ஆபீஸே தீவுல கிடையாது, கடல் தாண்டி ககோஷிமா நகரத்துல இருக்கு, ஏன்னா மூணு தீவுக்கும் பொதுவான இடம் அந்தத் துறைமுகம்தான். அங்கேர்ந்து இயோஜிமாவுக்கு ஃபெர்ரியில கிட்டத்தட்ட 4 மணி நேரம். தீவுல 700 மீட்டர் உயரத்துக்கு ஒரு எரிமலை எப்பவும் புகை விட்டுக்கிட்டே நிக்கும், துறைமுகத்துல தண்ணி இரும்புச் சத்து கலந்து துரு நிறத்துல இருக்கும்.

1994ல கினி நாட்டு ஜெம்பே மாஸ்டர் மமாடி கெய்ட்டா இந்தத் தீவுக்கு வந்தாரு. டோக்கியோ, ஒசாகான்னு பெரிய ஹால்ல வாசிக்கிற ஆளு, இந்தச் சின்னத் தீவுல பசங்களுக்கு உக்காந்து சொல்லிக் கொடுத்தாரு. அந்த உறவு அதோட முடியல. அவர் திரும்பத் திரும்ப வந்தாரு, பசங்க வளர்ந்தாங்க, 2004ல இயோஜிமாவுல ஒரு ஜெம்பே பள்ளிக்கூடமே திறந்தாங்க, ஆசியாவுலயே மொதல் ஜெம்பே பள்ளிக்கூடம்னு சொல்லிக்கிறாங்க. வெளியூர்க்காரங்க மாசக்கணக்குல தீவுல தங்கி ஜெம்பே கத்துக்கிற திட்டத்தை அந்தக் கிராமமே நடத்துது. மக்கள்தொகை குறைஞ்சுக்கிட்டே போற ஒரு தீவுக்கு இளம் ஆளுங்க வந்து தங்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க, வந்தவங்கள்ல சிலர் அங்கேயே தங்கியும் போயிருக்காங்க.

ஃபெர்ரி வந்து கரை சேரும்போது தீவுக்காரங்க கரையில நின்னு ஜெம்பே வாசிச்சு வரவேற்பாங்க. கிளம்பும்போதும் வாசிப்பாங்க. டீச்சர் மாறிப் போறாருன்னாலும் அதேதான், ஒரு பையன் ஸ்கூல் முடிச்சு மேல படிக்க வெளியூர் போறான்னாலும் அதேதான் (தீவுல ஹைஸ்கூல் கிடையாது, அதனால பதினஞ்சு வயசுல எல்லாரும் கிளம்பித்தான் ஆகணும்). கினியிலயும் ஜெம்பே மேடைக்குன்னு பிறந்த வாத்தியம் இல்ல, கல்யாணம், பேர் வைக்கிறது, அறுவடை, சுன்னத்து, இப்படி ஊர் வாழ்க்கையில ஒரு காரணம் இருந்தாத்தான் வாசிப்பாங்க. இயோஜிமாவுல அந்த வாத்தியத்துக்கு ஊர் சார்ந்த ஒரு காரணம் திரும்பக் கிடைச்சிருக்கு. டோக்கியோல எவ்வளவு நல்லா வாசிச்சாலும் இது கிடைக்காது.

2020 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு ஒவ்வொரு ஊரும் ஒரு நாட்டோட டீமுக்கு ஆதரவு ஊரா பேர் கொடுத்தப்ப மிஷிமா கினியைத்தான் எடுத்துக்கிச்சு. கொரோனா காரணமா தள்ளிப்போய் 2021ல நடந்த அந்தப் போட்டிக்கு கினி மொதல்ல வரலன்னு அறிவிச்சுட்டு கடைசி நேரத்துல மனசு மாத்தி டீமை அனுப்பிச்சு. அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான், 2021 ஜூன் 21ல, மமாடி கெய்ட்டா இறந்துபோயிருந்தாரு.

இயோஜிமான்னா ரெண்டாம் உலகப் போர்ல சண்டை நடந்த தீவுதானே?

இல்ல, அது வேற. எழுதற எழுத்து ஒண்ணுதான், ஆனா போர் நடந்தது டோக்கியோவுக்கு ரொம்பத் தெற்கே பசிஃபிக் கடல்ல இருக்கிற தீவு. அதே மாதிரி தகேஷிமாவும் கொரியாவோட தகராறுல இருக்கிற தீவு இல்ல.

அந்தத் தீவுக்கு ஜெம்பேயை வெளியேர்ந்து கொண்டுவந்து திணிச்ச மாதிரி இல்லயா? அவங்களுக்குன்னு சொந்தக் கலை இல்லயா?

நல்லாவே இருக்கு. இயோஜிமாவுல பழைய காலண்டர்படி எட்டாம் மாசம் மொத ரெண்டு நாள் ட்ரம் நடனம் உண்டு, அதுக்கு நடுவுல மெண்டோன்னு பெரிய காதும் பயங்கர முகமூடியுமா, வைக்கோல் போர்த்துக்கிட்டு ஒரு உருவம் ஓடிவந்து இலைக்கொத்தால எல்லாரையும் அடிக்கும், அடி பட்டா கெட்டது விலகும்னு நம்பிக்கை. இதை 2018ல யுனெஸ்கோ பட்டியல்ல ஜப்பானோட மத்த முகமூடி தெய்வச் சடங்குகளோட சேர்த்தாங்க. ட்ரம், முகமூடி, ஆட்டம், ஊரே வட்டமா நிக்கிறது, இதெல்லாம் ஏற்கெனவே அவங்க உடம்புல இருந்த விஷயம். ஜெம்பே வந்து பழசை விரட்டல, ரெண்டும் ஒரே தீவுல பக்கத்துப் பக்கத்துல நடக்குது. கினியிலேர்ந்து ஒரு மாஸ்டர் வந்து பாத்தப்ப அவருக்கு அந்த இடம் அந்நியமா தோணியிருக்காதுன்னு நான் நினைக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

மமாடி கெய்ட்டா யாரு, ஏன் இவ்வளவு முக்கியம்?

1950ல கினியில பலாண்டுகுன்னு ஒரு கிராமத்துல பிறந்தவர். 1964ல, பதினாலு வயசுல, நாட்டோட ஜோலிபா பாலேங்கிற அரசு நடனக் குழுவுக்குத் தேர்வானாரு. அந்தக் காலக் கினியைப் புரிஞ்சுக்காம இதைப் புரிஞ்சுக்க முடியாது. 1958ல பிரான்ஸ்கிட்டேர்ந்து விடுதலை வாங்கின உடனே சேக்கு தூரே அரசு, கலையை நாட்டோட முகமா ஆக்கணும்னு முடிவு பண்ணுச்சு. கிராமம் கிராமமா தேடிப் போய் நல்ல வாசிப்புக்காரங்க, ஆட்டக்காரங்களைப் பொறுக்கி, ரொம்பக் கடுமையான பயிற்சி கொடுத்து, உலகம் பூரா அனுப்பினாங்க. வேற வேற இனத்தோட ரிதம்கள் ஒரே மேடைக்கு வந்து ஒரே குழுவா வாசிக்கப்பட்டது அப்பதான். 1984ல சேக்கு தூரே இறந்ததும் அரசு ஆதரவு சுருங்கிப்போச்சு, கலைஞர்கள் பிழைப்புக்கு வெளிய கிளம்பினாங்க. மமாடி ஐவரி கோஸ்ட் போய், அங்கேர்ந்து பிரஸ்ஸல்ஸ் போய், 1991ல தம் தம் மாண்டிங்னு பள்ளிக்கூடம் தொடங்கினாரு. இன்னைக்கு ஜப்பான், ஐரோப்பா, அமெரிக்கான்னு எங்க போனாலும் கினி ஜெம்பே சொல்லிக்கொடுக்கிறவங்க கிடைக்கறதுக்குப் பின்னாடி இந்த வரலாறு இருக்கு, ஒரு நாட்டோட நெருக்கடிதான் அந்த ஆசிரியர்களை உலகத்துக்கு அனுப்பிச்சு.

அவர் ஒவ்வொரு ரிதமுக்கும் அது எந்த ஊர், எந்த மக்கள், எதுக்காக வாசிக்கறதுன்னு சொல்லிட்டுத்தான் வாசிக்கக் கத்துக்கொடுப்பாரு. காஸான்னா வயல்ல அறுவடை பண்றவங்களுக்கு, சோலின்னா சுன்னத்துச் சடங்குக்கு, டுனுன்பான்னா பலசாலிகளோட ஆட்டம், இப்படி. ஜப்பான் மாணவர்கள் இதை நோட்டு போட்டு எழுதி வெச்சுக்கிட்டாங்க. இன்னைக்கும் அங்க ஒரு சாதாரண வாராந்திர க்ளாஸ்ல கூட ரிதம் பேரோட அது எங்கேர்ந்து வந்துச்சுங்கிறதையும் சொல்றதை நான் பாத்திருக்கேன்.

டைகோ (ஜப்பானோட பாரம்பரிய ட்ரம்) வாசிக்கிற நாடு, அப்ப ஜெம்பே ஈஸியா வந்துருமா?

உடம்பு உழைப்பு, ஒழுக்கம், குரு சொன்னதைக் கேள்வி கேக்காம ஆயிரம் தடவை திரும்பச் செய்றது, இதெல்லாம் உதவும். சத்தம்தான் பிரச்சினை. டைகோல குச்சி, ஜெம்பேல வெறுங்கை. பேஸ், டோன், ஸ்லாப்னு மூணு அடிப்படைச் சத்தம், அதுல டோனுக்கும் ஸ்லாப்புக்கும் கையில வித்தியாசம் ரொம்பச் சின்னது, விரல் எவ்வளவு தளர்வா இருக்குங்கிறதுலதான் இருக்கு, ஆனா காதுக்கு ரெண்டும் வேற வேற ஆள் பேசற மாதிரி கேக்கணும். இதுக்கே சில வருஷம் போயிடும்.

அதைவிடக் கஷ்டம் தாளம் உக்கார்ற இடம். ஜப்பான் க்ளாஸ்ல ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணி ஆரம்பிப்பாங்க, பேப்பர்ல கட்டம் போட்டு எங்க அடி விழுதுன்னு குறிப்பாங்க. அந்தக் கட்டம் எல்லாம் சம இடைவெளி. ஆனா மாலியில வாசிக்கிறது அப்படி இல்ல. ரெய்னர் போலாக்னு ஒரு ஜெர்மன் ஆராய்ச்சியாளர், அவரே மாலி தலைநகர் பமாகோவுல ஜெம்பே கத்துக்கிட்டு கல்யாணங்கள்ல வாசிச்சவர், ரெக்கார்டிங் எடுத்து அளந்து பாத்தாரு. ஒரு பீட்டுக்குள்ள வர்ற சின்னச் சின்ன அடிகளோட இடைவெளி சமமே இல்ல, ஒண்ணு குட்டையா இன்னொண்ணு நீளமா, அதுவும் ரிதமுக்கு ரிதம் வேற மாதிரி, ஆனா ஒரே ரிதமுக்குள்ள அது மாறாம அப்படியே நிக்குது. ஏதோ உணர்ச்சில அவங்க இழுக்கிறாங்கன்னு வெளிய இருந்து நினைக்கிறோமே, அது அப்படி இல்ல, அந்தச் சமமில்லாத இடைவெளிதான் அந்த ரிதமோட அமைப்பு. பேப்பர்ல கட்டம் போட்டா இது மொத்தமா காணாமப்போயிடும். அதனாலதான் சீரியஸா இருக்கிறவங்க ஒரு கட்டத்துக்கு மேல நோட்டைத் தூக்கி வெச்சுட்டு கினி தலைநகர் கொனாக்ரிக்கோ பமாகோவுக்கோ டிக்கெட் போடறாங்க.

ஆப்பிரிக்காவுக்குப் போய் எப்படிக் கத்துக்கிறாங்க? ஸ்கூல் இருக்கா?

பெரும்பாலும் ஆசிரியரோட வீட்டுலயே. ஒரு பெரிய முத்தம், சுத்தி ரூம்கள், அண்ணன் தம்பி குடும்பம், பாட்டி, பசங்க, ஆடு, எல்லாம் ஒரே இடத்துல. காலையில க்ளாஸ், மத்தியானம் எல்லாரும் ஒரே பெரிய தட்டுல சோறு, சாயங்காலம் எங்கயாவது கல்யாணமோ பேர் வைக்கிற விழாவோ இருந்தா ஆசிரியரோட பின்னாடியே போறது. அங்க நின்னு பாக்கறதுதான் உண்மையான பாடம்னு போயிட்டு வந்தவங்க எல்லாரும் சொல்வாங்க. யாருக்கு எப்ப வாசிக்கணும், பாடகி யாரோட பேரைச் சொல்லிப் புகழும்போது ட்ரம் அடங்கணும், ஆடற பொண்ணு களைச்சுட்டான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது, கூட்டத்துல ஒருத்தர் பண நோட்டை எடுத்து நெத்தியில வெச்சா என்ன பண்றது, இதையெல்லாம் எந்த க்ளாஸ்லயும் சொல்லித்தர முடியாது.

சபார் டான்ஸ் ஏன் இவ்வளவு கஷ்டம்னு சொல்றாங்க?

வீடியோல பாத்தா ஒரு பொண்ணு திடீர்னு வட்டத்துக்குள்ள ஓடிவந்து பத்துப் பதினஞ்சு செகண்ட் துள்ளி ஆடிட்டுச் சிரிச்சுக்கிட்டே திரும்ப ஓடிடுவா, அவ்வளவுதான் தெரியும். செனகல் தலைநகர் டாக்கர்ல தெருவை மறிச்சு நாற்காலியை வட்டமா போட்டு நடக்கிற விழா அது, நடத்தறதும் ஆடறதும் பெரும்பாலும் பெண்கள்தான். அந்தப் பதினஞ்சு செகண்டுக்குள்ள ஆடறவதான் ட்ரம்மரை நடத்தறா. கால் எங்க போகுது, கை எப்ப வீசுது, எப்ப முடிக்கப் போறான்னு லீட் ட்ரம்மர் அவ உடம்பைப் பாத்து அதே நொடியில வாசிக்கணும். அவளும் ரிதமோட வாக்கியங்களை முழுசா மனசுல வெச்சிருக்கணும், எங்க முடிக்கணும்னு தெரியாம முடிச்சா கூட்டத்துக்கு உடனே தெரிஞ்சுடும். ஸ்டெப்பு மனப்பாடம் பண்ணிக்கிட்டு போனவங்க இங்க மாட்டிப்பாங்க, ஏன்னா இது செட் டான்ஸ் இல்ல, ஒரு பேச்சு. அதோட உடம்பு எடை தரையில உக்கார்ற நேரம் பீட்டு மேல இல்லாம பீட்டுக்கு நடுவுல வரும், கால் மேல போற நேரத்துலதான் பீட்டே விழும். கண்ணாடி முன்னாடி நின்னு கத்துக்கிட்ட உடம்புக்கு இது தலைகீழ்.

ஜப்பான்ல சபார் பழகறவங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் என்னன்னா, ஆசிரியர்கள் பக்கத்துலயே இருக்காங்க. சபாரோட பெரிய மாஸ்டர் டூடூ என்ஜாய் ரோஸ் (2015ல இறந்துட்டாரு) குடும்பத்துல இருந்து வகான் என்ஜாய் ரோஸ் ஜப்பான்லயே தங்கி வாசிக்கிறாரு, சொல்லிக்கொடுக்கிறாரு. செனகலோட கொரே தீவுல பிறந்த லத்தீர் சி 1990கள்ல இருந்து அங்கதான். இவங்க இல்லாம ஜப்பான் சபார் வட்டம்னு ஒண்ணு உருவாகியிருக்காது. ஜப்பானியர்களைப் பத்தி எழுதற கட்டுரைகள் இந்த ஆசிரியர்களை ஒரு வரியில தாண்டிப் போறது எனக்கு வருத்தமா இருக்கும்.

ஜப்பான்ல கத்துக்கிறவங்க நிறைய பெண்களாமே, ஆப்பிரிக்காவுல பெண்கள் ஜெம்பே வாசிக்கலாமா?

பாரம்பரியமா ஜெம்பே, சபார் ரெண்டும் வாசிக்கிறது ஆண்கள்தான். ஜப்பான் க்ளாஸ்ல நான் பாத்த வரைக்கும் பெண்கள்தான் அதிகம், டான்ஸ்ல மட்டும் இல்ல ட்ரம்லயும். ஆசிரியர்கள் இதைத் தப்பா எடுத்துக்கல. டூடூ என்ஜாய் ரோஸே தன் மகள்கள், பேத்திகளை வெச்சு லே ரோஸெத்னு பெண்கள் சபார் குழு உருவாக்கினாரு, கினியிலயும் 1990கள் கடைசியில பெண்களே வாசிக்கிற ஜெம்பே குழு வந்துச்சு. அதுக்கெல்லாம் அங்கேயே எதிர்ப்பும் இருந்துச்சு, வேலை பண்ணி ஜெயிச்சாங்க. வெளிநாட்டுப் பொண்ணு வாசிச்சா விருந்தாளின்னு விட்டுடுவாங்க, உள்ளூர்ப் பொண்ணு வாசிக்க எடுத்துக்கிட்ட தைரியம் அதைவிடப் பெருசு.

இது கலாச்சாரத் திருட்டு இல்லயா?

அடிக்கடி வர்ற கேள்வி, கொஞ்சம் கோவமாவும் வரும். கேக்க வேண்டிய கேள்விதான்.

மாண்டிங் சமூகத்துல இசை எல்லாருக்கும் பொதுச் சொத்து இல்ல. கோரா, பலஃபோன், புகழ்ப்பாட்டு எல்லாம் கிரியோன்னு சொல்ற பரம்பரை இசைக் குடும்பங்களோட உரிமை, குயாத்தே, ஜபாத்தே, சிசோகோ, கான்தேன்னு குடும்பப் பேரைக் கேட்டாலே தெரிஞ்சுடும், அப்பாகிட்டேர்ந்து மகனுக்குப் போறது. ஜெம்பே அப்படிக் கண்டிப்பா ஒரு குடும்பத்துக்குக் கட்டுப்பட்டதில்ல, யாருக்குக் கை இருக்கோ அவங்க வாசிக்கலாம், அதனாலதான் வெளிநாட்டுக்காரங்களுக்கு மொதல்ல திறந்த கதவும் அதுவே. கோரா கத்துக்கிற ஜப்பானியர் வாசிக்கலாம், ஆனா கிரியோ ஆக முடியாது, அவங்களும் அப்படிச் சொல்லிக்கறதில்ல. இந்த வித்தியாசம் தெரிஞ்சு நடந்துக்கறவங்களை அந்தக் குடும்பங்களே தன் பிள்ளை மாதிரி ஏத்துக்கிட்டுப் பேர்கூட வெச்சுடுவாங்க.

என்னைக் கேட்டா பாக்க வேண்டியது இதைத்தான். கத்துக்கிட்டவங்க தன் ஆசிரியருக்கு இன்னும் பதில் சொல்ல வேண்டிய நிலையில இருக்காங்களா? அவர் பேரைச் சொல்றாங்களா, அவரை ஜப்பானுக்குக் கூப்பிட்டு, விசா ஏற்பாடு பண்ணி, நியாயமான காசு கொடுத்து வொர்க்ஷாப் வைக்கிறாங்களா, அவர் வீட்டுல ஒரு சாவுன்னா போன் வருதா? நான் மதிக்கிற ஜப்பானியக் கலைஞர்கள் எல்லாரும் வருஷா வருஷம் இந்த வேலையைச் செய்றவங்க. விசா பேப்பர் வேலை எவ்வளவு பெரிய தலைவலின்னு செஞ்சவங்களுக்குத்தான் தெரியும், கினி பாஸ்போர்ட்டுக்கு அவ்வளவு சுலபமா எந்தக் கதவும் திறக்காது. மூணு மாசம் போய்ட்டு வந்துட்டு "ஆப்பிரிக்க ஆன்மிகத் தாளம்"னு சொந்த பிராண்டு போட்டு விக்கிறவங்களும் இருக்காங்க, அவங்களை நான் ஆதரிக்கல.

கல்யாணம் பண்ணிக்கிட்டவங்களும் இருக்காங்களா?

நிறைய. பொதுவெளியில தெரிஞ்ச ஒரு ஜோடியை மட்டும் சொல்றேன். ஐவரி கோஸ்ட்டோட அபிஜான் நகரத்துத் தெருப் பசங்களோட இசையை ஆராய்ச்சி பண்ணப் போன மானுடவியலாளர் சுசுகி ஹிரோயுகி, கிரியோ குடும்பத்துப் பாடகி நியாமா கான்தேயைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. அந்தக் கல்யாணச் சடங்கையே மானுடவியல் பாடமா ஒரு புத்தகமும் எழுதினாரு. நியாமா கான்தே ஜப்பான்ல பாடிக்கிட்டு இருக்காங்க, அவங்க குரல் மைக் இல்லாமலே ஹால் கடைசி வரைக்கும் போகும்.

ஜப்பான் வீடு எல்லாம் சின்னது, சத்தம் போட்டா பக்கத்து வீட்டுல போலீஸ் கூப்பிடுவாங்களே, எங்க பிராக்டிஸ் பண்றாங்க?

ஆத்தங்கரை. டோக்கியோல டாமா ஆறு, கியோட்டோல காமோ ஆறு. பார்க்குல சில இடத்துல ட்ரம் தடை. காசு இருந்தா மணிக்கணக்குக்கு ஸ்டூடியோ வாடகை. இல்லன்னா ஜெம்பே மேல துணி போட்டு மூடி வாசிக்கிறது, அதுல கை நகரும், சத்தம் பழகாது. ஜூன் மாசம் மழைக்காலம் வந்தா காத்துல ஈரம் ஏறி ஆட்டுத் தோல் தளர்ந்து ட்ரம் தொங்கிப்போயிடும், கயிறை இழுத்து இழுத்துக் கட்டணும், குளிர்காலத்துல ஹீட்டர் போட்டா தோல் காஞ்சு கிழியும். அங்க நல்ல தோல் மாத்தத் தெரிஞ்ச ஆளுக்கு நல்ல வாசிப்புக்காரரைவிட மதிப்பு அதிகம்.

இதுல பிழைக்க முடியுமா?

ரொம்பக் கொஞ்சப் பேர். க்ளாஸ் எடுக்கறது, ஸ்கூல்ல நிகழ்ச்சி, முதியோர் இல்லத்துல நிகழ்ச்சி, ட்ரம் இறக்குமதி பண்ணி விக்கறது, எல்லாத்தையும் சேர்த்தாத்தான் மாசம் ஓடும். மத்தவங்க பகல்ல நர்ஸு, கம்ப்யூட்டர் வேலை, பள்ளிக்கூட டீச்சர்னு இருந்துக்கிட்டு லீவையும் சேமிப்பையும் இதுல போடறாங்க.

அப்படியே வாசிக்கிறதோட நின்னுடறாங்களா, புதுசா ஏதும் பண்றாங்களா?

பண்றாங்க, அதுல ரெண்டைக் கண்டிப்பா சொல்லணும்.

அஜாதேன்னு ஒரு பேண்ட். ஜான் இமாயேடா 2011ல கானா போயிட்டு வந்து ஆரம்பிச்சது. பலஃபோன் வாங்கி வாசிக்கறதுக்குப் பதிலா ஜப்பான்ல கிடைக்கிற மூங்கிலை அறுத்து அவரே ஜாதேன்னு கட்டை வாத்தியமும் பீச்சிகுன்னு கம்பி வாத்தியமும் செஞ்சாரு. பின்னாடி ஆஃப்ரோபீட் ஓடும், மேல ஜப்பான் திருவிழாவுல வாசிக்கிற ஒஹயாஷி புல்லாங்குழலும் ட்ரம்மும், பாட்டு ஜப்பானிய மொழியில. 2020ல வந்த "ஆலோ" ஆல்பத்தைக் கேளுங்க, மூங்கில் சத்தம் மரத்தைவிட வறண்டு கிடுகிடுன்னு இருக்கும். ஆப்பிரிக்கா மாதிரி வேஷம் போடாம, அங்க கத்துக்கிட்ட கட்டுமானத்தைத் தன் ஊர்த் திருவிழா இசைக்குள்ள வெச்சுப் பாத்தது எனக்கு ரொம்ப நேர்மையான வேலையா தெரியுது.

இன்னொண்ணு டான்ஸ். செனகல்ல தூபாப் ஜாலோன்னு கடற்கரை ஊர்ல நடனக் கலைஞர் ஜெர்மேன் அக்கொன்யி தொடங்கின எக்கோல் தே சாப்ல்னு நடனப் பள்ளி இருக்கு. ஜப்பானோட புட்டோ நடனத்துல இருந்து வந்த கோதா யமசாகி அங்க போய் அக்கொன்யியோட சேர்ந்து "ஃபகாலா"ன்னு ஒரு படைப்பு செஞ்சாரு, 2004ல மேடையேறுச்சு. ருவாண்டா இனப்படுகொலையைப் பத்தினது, ஆடினது முழுக்க ஆப்பிரிக்க ஆண்கள். ரொம்ப மெதுவா, உள்ளுக்குள்ள சுருங்கற புட்டோ உடம்பும், தரையை உதைச்சு எழற மேற்கு ஆப்பிரிக்க உடம்பும் ஒரே ஆளுக்குள்ள மாறி மாறி வரும். நியூயார்க்கோட பெஸ்ஸி விருது 2007ல ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்தாங்க. இங்க ஜப்பானியர் மாணவர் இல்ல, ரெண்டு பக்கமும் தன் கலையைக் கொண்டுவந்து வெச்சிருக்காங்க.

இதுல நம்ம ஊர் தொடர்பு ஏதாவது இருக்கா?

ஒண்ணு இருக்கு. உலக இசையை ஜப்பானியர் காதுக்குக் கொண்டுபோன ஆளு யாருன்னா கொய்ஸுமி ஃபுமியோ. 1960கள்ல இருந்து ஜப்பானோட பொது ஒலிபரப்பு நிறுவனமான என்ஹெச்கேயோட எஃப்எம் ரேடியோல வாராவாரம் ஆப்பிரிக்கா, ஆசியான்னு எல்லா நாட்டு இசையையும் போட்டு விளக்கினாரு. அவர் மொதல் தடவை வெளிநாட்டுல போய் இசை படிச்சது 1957, 58ல இந்தியாவுல, மெட்ராஸ்ல கர்நாடக சங்கீதமும் அப்புறம் லக்னோல ஹிந்துஸ்தானியும். மேற்கத்திய இசைதான் அளவுகோல்னு இருந்த ஜப்பான்ல, ஒவ்வொரு இசைக்கும் அதோட சொந்த அறிவு இருக்குன்னு அவர் திரும்பத் திரும்பச் சொன்னதுக்கு மெட்ராஸ்ல உக்காந்து பாடம் கேட்ட அந்த நாட்களுக்கும் பங்கு இருக்கும்னு எனக்குத் தோணுது. அவர் 1983ல இறந்துட்டாரு, ஜெம்பே அலையைப் பாக்கவே இல்ல.

நான் ஜப்பான்ல இருக்கேன், கத்துக்கணும்னா எங்க ஆரம்பிக்கறது?

மொத மாசம் ட்ரம் வாங்காதீங்க. க்ளாஸ்லயே வாடகைக்குக் கிடைக்கும். டூரிஸ்ட் கடையில விக்கிற சின்ன ஜெம்பே வாங்கினா டோனும் ஸ்லாப்பும் ஒரே மாதிரி கேக்கும், உங்க கை தப்புன்னு நினைச்சு விட்டுடுவீங்க. டோக்கியோ, ஒசாகா, கியோட்டோல வாராந்திர க்ளாஸ் நிறைய, வாசிக்கக் கத்துக்க வந்தாலும் டான்ஸ் க்ளாஸ் ஒண்ணுலயும் சேர்ந்துடுங்க, எங்க அடி விழணும்னு உங்க கால் உங்களுக்குச் சொல்லும். ஜெம்பேல கை வைக்கறதுக்கு முன்னாடி டுனுன் கேட்டா சந்தோஷமா எடுத்துக்கோங்க, மெலடி அங்கதான் இருக்கு, புதுசா வர்றவங்க எல்லாரும் ஜெம்பேக்கு அடிச்சுக்கறதால டுனுனுக்கு எப்பவும் ஆள் பத்தாது. க்ளாஸுக்கு செனகல், கினி ஆசிரியர் வர்ற நாள் எதுன்னு கேட்டு அன்னைக்கு லீவு போட்டுப் போங்க, ஃபீஸ் கூட இருக்கும், பேரம் பேசாதீங்க. இயோஜிமா போகணும்னா ஃபெர்ரி தினமும் கிடையாது, கடல் கொந்தளிச்சா நின்னுடும், அதனால திரும்பற தேதிக்கு ரெண்டு நாள் விட்டு ப்ளான் பண்ணிக்கோங்க.